துண்டுக்குள் இருந்த விரல்

திண்டுக்கல்லில் அந்த நாளில் தன் சம்பளத்தை வாய்விட்டுச் சொன்ன ஆண்பிள்ளை ஒருத்தரும் கிடையாது. கட்டின மனைவியிடமே பாதியைத்தான் சொல்வார்கள். ஆனாலும் பூட்டுப் பட்டறை முதல் மண்டி வரை யாருக்கு என்ன சம்பளம் என்று கறந்துவிடக்கூடிய மனிதர் ஒருவர் ஊரில் இருந்தார். அவரிடமும் யாரும் வாயால் சொன்னதில்லை. எல்லாரும் விரலால்தான் சொன்னார்கள்.

அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. துண்டுத் தரகர் என்றால் ஊருக்கே தெரியும். ரேஷன் கார்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தொழில் மாட்டுத் தரகு. சந்தை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டின் விலையை அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்கள். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். பிடித்த விரல் ஒவ்வொன்றும் நூறு ரூபாய். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்நூறு. விரலின் நடுக்கணுவை அழுத்தினால் ஐம்பது. சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். மேலே இரண்டு முகங்களும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

மற்ற தரகர்கள் சந்தை முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மனிதர்களாகிவிடுவார்கள். இவர் உதறவே மாட்டார். டீக்கடையில் வடை வாங்கினாலும் துண்டை விரித்து, கடைக்காரர் கையை உள்ளே இழுத்துத்தான் வாங்குவார். முடி வெட்டும் கடையிலும் அதே கதை. நாவிதர் ஒரு கையில் கத்தியை வைத்துக்கொண்டு மறு கையைத் துண்டுக்குள் கொடுத்துவிட்டு நிற்பார். பேரம் படியாமல் பாதி மீசையோடு எழுந்து போனவர் இந்த ஜில்லாவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. ஆனால் அவர் நேரில் வந்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். கண் சிமிட்டி நான் பார்த்ததில்லை. பேச்சு எப்போதும் குசுகுசுதான். செருப்புப் போட்டிருந்தாலும் சத்தம் கேட்காது. உச்சி வெயிலில், ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில்தான் தெருவில் நடப்பார். அது முனி ஓடுகிற நேரம் என்று எங்கள் பக்கம் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள். மலைக்கோட்டைப் பாறையிலிருந்து அனல் இறங்கிவரும். அந்த அனலுக்கு நடுவே இவர் வருவார். வண்டிமாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். தெருநாய் குரைக்காது, எழுந்து வண்டிக்கு அடியில் போய்விடும். காவியேறிய அந்தத் துண்டு மட்டும் காற்றே இல்லாத நேரத்திலும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

அவருடைய வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஒரு காளை மிரண்டு ஓடியபோது மூக்கணாங்கயிறு சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. இதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஐந்நூறு என்று சொல்ல வந்தவன் துண்டுக்குள் அவர் கையில் நாலு விரலைப் பிடித்துவிட்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருப்பான். அவன் தேடி முடிப்பதற்குள் அவர் நானூறுக்கு மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். அந்த விரல் இருந்தபோது சம்பாதித்ததைவிட இல்லாதபோது சம்பாதித்ததுதான் அதிகம்.

ஆனால் சில பேர் வேறு மாதிரியும் சொன்னார்கள். செம்பட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். துண்டுக்குள் கையை விட்டால் அந்தச் சுண்டுவிரல் இருக்கிறதாம். வெளியே எடுத்தால் இல்லையாம். அந்தத் துண்டுக்குள் எந்தக் கோடையிலும் கிணற்றுக்குள் கைவிட்ட மாதிரி குளிர்ந்திருக்குமாம். கேட்டதிலிருந்து நான் அவரைக் கண்டால் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவரிடம் என் பிழைப்பே போய் மாட்டிக்கொண்டது.

நான் அப்போது ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. மிளகாய் மூட்டைக்கும் புளிச் சிப்பத்துக்கும் நடுவில் பாயை விரித்துக்கொள்வேன். கல்யாணமாகி, மனைவி சரசு பிரசவத்துக்குச் செம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் முடிந்து கூட்டிவரப் போனேன். மாமனார் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மொளகா மூட்டைக்கு நடுவுல படுக்குற மாப்ளைக்கு எம்புள்ளையையும் பேத்தியையும் எப்படி அனுப்புறது? ஒரு வீட்டப் பிடிங்க. வீடு பிடிக்கிற மாதிரி ஒரு சம்பளத்தப் பிடிங்க. அப்புறம் வாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. குழந்தையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். ஊர் வருகிறவரை பழனி முருகனிடம் அழுதேன். ஒரு நல்ல வேலை கொடு, பழனிக்கு நடந்தே வருகிறேன், குழந்தைக்கு முடியிறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

முருகன் காது கொடுத்தான். அந்த வாரமே ஊருக்கு வெளியே இருந்த ஒரு புகையிலைக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை வேலை காலியாக இருக்கிறது என்று தகவல் வந்தது. போனேன். முதலாளி என் கையெழுத்தைப் பார்த்தார், கூட்டல் போடச் சொன்னார், திருப்தி என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. எம்புட்டுச் சம்பளம் வேணும்னு நீயே சொல்லு."

குறைத்துச் சொன்னால் வீடு பிடிக்க முடியாது. சரசு செம்பட்டியிலேயே இருந்துவிடுவாள். கூட்டிச் சொன்னால் அகரத்திலிருந்து முதலாளியின் சொந்தக்காரப் பையன் ஒருவன் வரத் தயாராக இருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

அந்த வேலைக்கு என்னதான் நியாயமான சம்பளம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருவர் முன்பு அந்த வேலையில் இருந்த கணக்குப்பிள்ளை. முதலாளி ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சம்பளத்தைக் கையில் வைத்து, விரலை மடக்கி அழுத்தி அனுப்புகிறவர். பழைய கணக்குப்பிள்ளையோ கல்யாணமாகாத மனிதர், கேட்க மனைவிகூட இல்லை. கிட்டங்கிக்குப் பின்னால் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து மதியம் தயிர்சாதம் சாப்பிடுவது அவர் வழக்கம். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியவர் அந்தக் கல்லிலேயே சாய்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

கடை வாசலில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். உச்சி நேரம். பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. துண்டுத் தரகர்.

"என்னப்பு, வெல தெரியாம நிக்கிற மாடு மாதிரி நிக்கிற?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண் சிமிட்டாமல் கேட்டார். உலகத்தில் விலை தெரியாமல் எதுவும் கைமாறக் கூடாது. அவருக்கு அது ஒரு வியாதி. என் சங்கதியைக் கேட்டதும் அவருக்கு உடம்பே பரபரத்தது.

"முருகனுக்கு நேந்துக்கிட்டதுதான் நேந்துக்கிட்ட, எறக்கிப் பேசினியா?" என்று முதலில் அதைக் கேட்டார்.

"சாமிகிட்ட எப்படிண்ணே பேரம் பேசுறது?"

"கேட்டதும் குடுத்துட்டா அவருக்கும் மதிப்பில்ல, ஒனக்கும் மதிப்பில்ல."

அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனை முருகன் கோயிலில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், உண்டியல்மேல் துண்டை விரித்து அதற்கடியில் கையை விட்டபடி தரகர் உட்கார்ந்திருக்கிறார். காவல்காரர் கம்போடு நிற்கிறார். தரகர் அவரைப் பார்த்து, "சத்தம் போடாதய்யா, படியிற நேரம்" என்கிறார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரை வெளியே கூட்டிவந்தேன். வழியில் அவர் குசுகுசுத்தார்: நடந்துதான் வர வேண்டுமாம், ஆனால் செருப்புப் போட்டுக்கொள்ளலாமாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தரகரை நம்பவில்லை. பின்னால் பழனிக்கு வெறுங்காலோடுதான் போனேன்.

மறுநாள் முதல் என்னை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளை எங்கெல்லாம் இருக்கிறாரோ அங்கெல்லாம் போனோம். மரக்கடை, மண்டி, தோல் பதனிடுகிற ஷாப்பு, பூட்டுப் பட்டறை. கொன்றாலும் வாயைத் திறந்து சம்பளத்தைச் சொல்லாத மனிதர்கள், துண்டைக் கண்டதும் மந்திரித்து விட்டதுபோல் கையை நீட்டினார்கள். அது என்ன மாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. துண்டுக்குள் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை என்று ஒரு எண்ணம்போல. மேலே பழனிக்குப் போகிற கூட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், கீழே விரல் நெரிபடும். கையை வெளியே எடுத்ததும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் உள்ளே போய்விடுவார்கள். துடைக்கும்போது எல்லார் முகமும் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

பூட்டுப் பட்டறைக்காரர் அறுநூறு என்று விரல் கொடுத்தார். வெளியே வந்ததும் தரகர் தலையை ஆட்டினார்.

"பொய். வெரல் வேத்துப்போச்சு. நாலுதான் வாங்குறான்."

மரக்கடையில் நானூறு. மண்டியில் நானூற்று ஐம்பது. தோல் ஷாப்பில் இருந்தவர் தீராத ஜலதோஷக்காரர். தும்மலுக்கு நடுவே விரல் கொடுத்தார். தரகர் வெளியே வந்து என் காதில் "பன்னெண்டு" என்றார்.

"பன்னெண்டு நூறாண்ணே?"

"ரெண்டு தடவ முழுக்கை. மேல ரெண்டு வெரல். நல்லாத்தான் அழுத்துனான்."

ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்குகிற கணக்குப்பிள்ளையும் இந்த ஊரில் இருக்கிறாரா? அப்போதே பஸ் பிடித்துச் செம்பட்டிக்குப் போய் மாமனாரிடம், பன்னிரண்டு நூறு கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதுவரை ஒரு பலகைகூடப் போடாத மனிதர் நாற்காலி போட்டார். மூன்று வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டார்கள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் செம்பட்டி முக்கு ரோடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் தோல் ஷாப்புக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கு வந்தார். தரகர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே, பாத்துட்டுப் போனவரு ஒரு தகவலும் சொல்லலியே? பன்னெண்டு சாஸ்தின்னா ஐம்பதக் கொறச்சுக்கிர்றேன். நல்ல கறவை, ரெண்டாம் ஈத்து."

அவர் மாட்டை விற்க நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாட்டுத் தரகர் துண்டோடு வந்து நின்றால் வேறு எதை நினைப்பார்? என்னைத்தான் மாடு வாங்க வந்தவன் என்று எண்ணிவிட்டார். தரகரும் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முதலாளியிடம் போய் ஒரு பசுமாட்டின் விலையைச் சம்பளமாகக் கேட்டிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே அகரத்துக்காரனை வரச் சொல்லியிருப்பார். இப்போதும் ஒன்றும் பிரமாதமில்லை. நானூறு, நானூற்று ஐம்பது என்று அங்கங்கே தெரிந்ததே தவிர, அதெல்லாம் வேறு வேறு வேலை. புகையிலைக் கிட்டங்கியில் சிப்பம் எண்ணி, ஈரம் பார்த்து, குடியானவர்களுக்குப் பட்டுவாடா செய்து மாரடிக்கிற வேலைக்கு என்ன விலை?

தரகர் வெகுநேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அதே கட்டுத்தறியில முன்ன நின்ன மாடு என்ன வெலைக்கு நின்னுச்சுன்னு தெரியணும். அவர்கிட்டயே கேட்ருவோம்."

"யாருகிட்டண்ணே?"

"பழைய கணக்குப்பிள்ளைகிட்ட. வியாழக்கெழம மத்தியானம் கொடைய எடுத்துக்கிட்டு வா, வெயிலு சாஸ்தி."

போயிருக்கக் கூடாது. திருநீற்றை நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டு, இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் முடிந்துகொண்டு போனேன். குழந்தை முகம்தான் காலைத் தள்ளிக்கொண்டு போனது.

கிட்டங்கி சாத்திக் கிடந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுற்றிலும் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. புகையிலைக் காரல் தொண்டையைப் பிடித்தது. பின்பக்கம் வேப்பமரம், அடியில் அந்தக் கல். மரத்தின் நிழல் கல்லைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்தது. கல்மேல் மட்டும் ஒரு வேப்பம்பழம்கூட இல்லை, யாரோ துடைத்து வைத்ததுபோல. அந்த மனிதர் போன பிறகு அதில் ஒருவரும் உட்காருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

தரகர் கல்லின் இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்கார்த்தினார். துண்டைக் கல்மேல் விரித்தார். என் குடையை இடது கையில் வாங்கி என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"கைய உள்ள விடு. எம் மொகத்தப் பாக்காத. எதுத்தாப்ல பாத்து மழையப் பத்திப் பேசு. பேசாம இருந்தா மரியாதை இல்ல."

எதிரே யாருமில்லை. வெறும் கல், அப்பால் கிட்டங்கிச் சுவர். நான் கையை உள்ளே விட்டேன். கிணற்றுக் குளிர்ச்சிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"இந்த வருசம் மழை ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லீங்கய்யா."

துண்டுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

"ஐப்பசியில கொஞ்சம் பேஞ்சா வெத்தலைக்காவது ஆகும்."

அப்போது என் கையை ஒரு கை பிடித்தது. ஐந்து விரலையும் சேர்த்து, நிதானமாக. பிறகு நடு விரலின் கணுவில் ஓர் அழுத்தம். அப்புறம் ஒன்று நடந்தது: பெருவிரலால் என் உள்ளங்கையில் இரண்டு தட்டு, சரி பார்த்துவிட்டேன் என்பதுபோல. அவ்வளவுதான். கை போய்விட்டது.

ஐந்நூற்று ஐம்பது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தரகருடைய வலது கைதான் என்பீர்கள். நானும் அப்படியே நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் என்னைப் பிடித்த கையில் சுண்டுவிரல் இருந்தது. நன்றாக, மற்ற விரல்களைப் போலவே அழுத்தியது. தரகரின் இடது கையில் என் குடை இருந்தது. அது கொஞ்சமும் அசையாமல் என் தலைக்கு மேலேயே நின்றிருந்தது.

திரும்பும்போது வேட்டி மடியைத் தடவிப் பார்த்தேன். இடுப்பில் எலுமிச்சம்பழம் வாடிப்போயிருந்தது. வெயிலில் வாடியிருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அபிராமி அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். தரகர் கிட்டங்கி வரை கூட வந்தார். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று, தோளிலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"வாயத் தொறந்து வெலையச் சொல்லிறாத. இதுக்குள்ள சொல்லு."

"நீங்க வரலியாண்ணே?"

"நான் வந்தா தரகுக்கு வந்தேன்னு நெனப்பாரு. போ."

துண்டில்லாத தரகரை அன்றுதான் பார்த்தேன். தோள் இரண்டும் துருத்திக்கொண்டு, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, றெக்கை பிய்த்த கோழி மாதிரி நின்றார். ஒரு நாய் பக்கத்தில் வந்து அவர் காலை முகர்ந்துவிட்டு, அங்கே நின்ற மாட்டுவண்டியோரம் படுத்துக்கொண்டது.

முதலாளி பழைய கேள்வியையே கேட்டார். நான் பதில் சொல்லாமல் மேஜைமேல் துண்டை விரித்து, கையை உள்ளே விட்டு, "கையக் குடுங்கய்யா" என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க அப்பாவோட சந்தைக்குப் போனது, எத்தன வருசமாச்சு" என்று சொல்லிக்கொண்டே மோதிரக் கையை உள்ளே விட்டார்.

"ஐப்பசி பொறந்தாத்தான் மழைய நம்பலாம் போலருக்கு" என்று மழையைப் பற்றி அவரே ஆரம்பித்தார்.

ஐந்து விரலையும் பிடித்தேன். நடுக்கணுவை அழுத்தினேன். விட்டுவிட்டேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கையை மெள்ள வெளியே இழுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார்.

"இந்தத் தட்டு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்ன தட்டுங்கய்யா?"

"பெருவெரலால ரெண்டு தட்டு. ஒவ்வொரு மாசமும் சம்பளம் வாங்குறப்ப எங் கையில அவருதான் அப்படித் தட்டுவாரு. கணக்குச் சரின்னு அர்த்தம். வேற ஒரு பயலுக்குத் தெரியாது."

பழனியாண்டவர் சத்தியமாகச் சொல்கிறேன், நான் தட்டவில்லை.

அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஐந்நூத்தி அம்பது. அவரு வாங்குனதுதான். திங்கக்கெழம வந்துரு. மொதல்ல அந்தத் துண்ட எடுத்துக்கிட்டு வெளிய போ."

ஓடிவந்து தரகர் தோளில் துண்டைப் போட்டேன். அது தோளில் விழுந்ததும் அவருக்கு உயிர் வந்தது. நாய் எழுந்து வண்டிக்கு அடியில் போய்விட்டது. உள்ளே நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை.

"நல்ல மனுசன். சொன்ன வெலைக்குச் சாட்சிக்கு வந்துருக்காரு" என்றார்.

தரகு எவ்வளவு என்று கேட்டேன். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் போய்விட்டார்.

அபிராமி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு பிடித்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி. செம்பட்டிக்குப் போனேன். மாமனார் வாசலில் நின்றார்.

"பன்னெண்டுன்னீங்களே மாப்ள?"

"அது மாடு மாமா."

விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முழுசும் கேட்டுவிட்டு, "எத்தன படி கறக்குதாம்?" என்று மட்டும் கேட்டார். ஆனால் சரசுவின் பெட்டியை அவரே தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார்.

நாங்கள் குடிவந்த வாரத்திலேயே ஒரு மதியம் கதவு தட்டாமல் திறந்தது. வாசல் நிறையத் துண்டுத் தரகர்.

"தரகு வாங்க வந்தேன், அப்பு."

சரசு அவரைப் பற்றி ஊரார் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தாள். குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். நான் பணத்தை எடுக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று கையமர்த்தினார். சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"புள்ளையக் கீழ விடு தாயி. செத்த நேரந்தான்."

என்ன தோன்றியதோ, சரசு பாயில் குழந்தையைப் படுக்கவைத்தாள். அவர் துண்டைக் குழந்தையின் கைமேல் போர்த்தி, தன் வலது கையை உள்ளே விட்டார். குழந்தை அழவில்லை. அவரையே பார்த்தது. அவரும் பார்த்தார். இரண்டு பேரும் கண் சிமிட்டவில்லை. மழையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

அப்புறம் அவர் மறு கையால் துண்டை மெதுவாக எடுத்தார். அவர் வலது கை பாயில் மல்லாந்து கிடந்தது. குழந்தையின் கை அவர் உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில், இறுக்கி மூடியிருந்தது. நடுவில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த முஷ்டி முழுக்க மூடவில்லை. ஒரு விரல் கனத்துக்கு இடம் விட்டு எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. தரகர் கையை இழுக்கவில்லை. குழந்தை தூங்கி, பிடி தானாகத் தளர்கிறவரை அப்படியே குனிந்தபடி இருந்தார். அவர் கன்னத்தில் ஈரம் வழிந்தது. வியர்வை என்று சரசு சொன்னாள்; நான் அப்படி நினைக்கவில்லை.

"வெல படிஞ்சுருச்சு, தாயி" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு வாய் மோர் குடிக்காமல் போக மாட்டார். பெண் வளர்ந்து அவர் தோளில் ஏறித் துண்டைப் பிடித்து இழுப்பாள். ஊர் நாய்களெல்லாம் அதைத் தூரத்திலிருந்து பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

சில வருடம் கழித்து ஒரு சந்தை நாளில், ஒரு காளைக்குப் பக்கத்திலேயே, துண்டுக்குள் கையை விட்டபடி அவர் சாய்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் கை கொடுத்திருந்தவர் வெகுநேரம் விலை வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். அவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. நானும் தோல் ஷாப்புக்காரரும் சந்தை ஆட்களும்தான் எல்லாம் செய்தோம். அந்தத் துண்டையே மேலே போர்த்தினோம். தூக்குவதற்கு முன்னால் நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுக்கு அடியில் கையை விட்டேன்.

"இந்த வருசம் மழை பரவாயில்லண்ணே" என்றேன்.

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். கீழே என்ன பேசிக்கொண்டோம் என்பது எங்கள் இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.